அக்கா தட்டினால்

விடுமுறை வீட்டின் குசினிக்குள் கால் வைத்ததுமே நிரஞ்சலாவுக்கு ஈர மண் மணத்தது. பனிக்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்த வீட்டின் புழுங்கல் நெடி அல்ல அது; சற்றுமுன் யாரோ வெட்டிப் போட்ட கடற்கரை மணலின், அதற்குள் அறுபட்டுக் கிடக்கும் வேர்களின் மணம்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு மணக்கேல்லையே?"

"தீவில மண் மணக்காமல் உன்ர மீன்குழம்பே மணக்கும்?" கணவன் மயூரதன் பெட்டியை இறக்கிவிட்டுச் சிரித்தான். "ரெண்டு நாளைக்கு நியூஸ் இல்லை. நித்திரை கொள்ளு, காணும்."

2009 மே எட்டு. பெரிய பிரார்த்தனை நாள் விடுமுறை. டென்மார்க்கில் அவர்கள் குடியிருந்த ஹொல்ஸ்டெப்ரோவில் வாரக்கணக்காகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவளை, பொன்ஹோல்ம் தீவின் இந்தச் சின்னத் தலைநகரான றொன்னேக்கு அவன்தான் இழுத்து வந்திருந்தான். அவளுடைய தம்பி ஜெயரூபன், மனைவி நிஷாந்தியோடும் நான்கு வயது மகளோடும் முள்ளிவாய்க்காலில் ஒரு பங்கருக்குள், மணலில் வெட்டிய பதுங்குகுழிக்குள், இருந்தான். அவன் குரலைக் கேட்டு ஒன்பது நாள்.

புகைபோட்ட மீன் வாங்க மயூரதன் துறைமுகப் பக்கம் போனான். ஜன்னலுக்கு வெளியே கல் பாவிய ஒழுங்கையும் மஞ்சள் சுவர்களும் மாலை வெயிலில் அசையாமல் நின்றன. மேசையில் ஊர்க் கையேடு கிடந்தது. போர் முடிந்துவிட்டதென்று டென்மார்க்கின் மற்றப் பகுதிகள் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில் இந்த ஊரின் மேல் குண்டு விழுந்ததாம். 1945, மே எட்டு. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

டொக்.

காலுக்குக் கீழே. பாயை விலக்கினாள். பலகைத் தரையில் நிலவறையின் மூடி, துருப்பிடித்த வளையத்தோடு.

டொக்.

அவளுக்குத் தெரிந்த தட்டு அது. சின்ன வயதில் ஊரில் குண்டுபோடப் பொம்பர் வரும்போதெல்லாம் தம்பியைப் பங்கருக்குள் இறக்கிவிட்டு அவள் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள். உள்ளேயிருந்து கூரைப் பனங்குற்றியில் ஒரு தட்டு: வரட்டோ? பொம்பர் போயிருந்தால் மேலேயிருந்து மூன்று தட்டு: வா. எவ்வளவு பசித்தாலும் அந்த மூன்றும் கேட்காமல் அவன் வெளியே வந்ததில்லை.

டொக்.

தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. வானத்தில் ஒன்றுமில்லை. அகப்பைக் காம்பை எப்போது எடுத்தாள், எப்போது குனிந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை தன்பாட்டில் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

கீழே அமைதி.

தொலைபேசி அடித்தது. நீண்ட இலக்கம். இரைச்சலுக்குள் நிஷாந்தி.

"மச்சாள்... இவர் வெளியில போயிட்டார். ஷெல்லடி இன்னும் நிக்கேல்லை. நான் காலைப் பிடிச்சு இழுத்தன், உதறிப்போட்டார்."

"ஏனடி விட்டனீ?"

"அக்கா தட்டிட்டா எண்டார். எனக்கொண்டும் கேக்கேல்லை மச்சாள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு..."

ஒரு வெடி. பிறகு அந்தக் குரல் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

அவள் திரும்ப அழைத்தாள். மீண்டும். மீண்டும்.

டொக்.

இந்த முறை மெல்லிய தட்டு. சின்னக் கையின் தட்டு. அதன் அருகே இன்னொன்று. சுவரோரத்தில் ஒன்று. அலுமாரிக்குக் கீழே. பிறகு தரை முழுவதும், பலகைக்கு ஒன்றாக, பொறுமையாக. எல்லாம் ஒற்றைத் தட்டு. எல்லாம் அவளைத்தான் கேட்டன.

அகப்பையை வீசினாள். கைகளைக் கக்கத்துக்குள் இறுக்கினாள். மூச்சையும் அடக்கினாள்.

வாசலில் காலடி. மயூரதனின் குரல்.

"நிரஞ்சி, கதவைத் திற. ரெண்டு கையிலயும் சாமான்."

சப்பாத்து நுனியால் கதவில் தட்டினான்.

டக்.

"தட்டாதேங்கோ!"

டக்.

"ஐயோ, தட்டாதேங்கோ!"

"என்னடி? கேக்கேல்லை."

டக்.

தட்டுகள் எல்லாம் ஒன்றாக நின்றன. வளையம் தானாக நிமிர்ந்தது. மூடி ஒரு விரல் அளவு உயர, இடுக்கால் ஈர மணல் பொங்கித் தரையில் பரவியது. மணலோடு விரல்கள் வந்தன. பெரியவை, சின்னவை. வந்துகொண்டே இருந்தன.