பேச மறுத்த இரும்புப் பெட்டி

ரித்திகாவின் அம்மா வெள்ளிக்கிழமை இரவு சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போனார்.

பாவம், வேறென்ன செய்வார்? காங்கேயத்தில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையில் பாட்டில் நிரப்பும் மெஷின் அவர் பொறுப்பு. எந்தப் பாட்டிலுக்கு எவ்வளவு எண்ணெய் என்று மெஷினுக்குச் சொல்வது, சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக் கம்ப்யூட்டர். தூசி, சூடு, எண்ணெய்ப் பிசுக்கு எதற்கும் அசராத பெட்டி. ஆயுத பூஜைக்கு மறுநாள் அது பேசாமல் நின்றுவிட்டது. திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று ஒரே பாட்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலையும் அம்மா கையால் நிரப்பி, தராசில் நிறுத்தார். மூன்று நாளில் தோள்பட்டை கழன்றுவிட்டது.

சனிக்கிழமை மதியம் ரித்திகா சாப்பாட்டுத் தூக்கோடு ஆலைக்குப் போனாள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் தீபக் பெட்டிக்குக் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கண் சொருகியது.

“கேபிளை ரெண்டு தடவை மாத்திப்போட்டேனுங்க. அப்பவும் பேச மாட்டேங்குது. தண்ணி கிண்ணி பட்டிருக்கும். பெட்டியையே மாத்தோணுங்க” என்றார்.

முதலாளி மாரப்பன் அம்மாவைப் பார்த்தார். “பூஜைக்கு நீங்கதானே தொடச்சீங்க, அம்மணி?”

“காஞ்ச துணிலதானுங்க தொடச்சேன். ஒயரைக் கழட்டிப்போட்டு, பூஜை முடிஞ்சதும் மாட்டுனேனுங்க.”

“அப்புறம் எப்படிங்க கெட்டுச்சு? திங்கக்கிழமையிலிருந்து பருப்பு காய வெக்கற களத்துக்குப் போயிருங்க. மெஷினை வேற ஆளு பாக்கட்டும்.”

களம் என்றால் நாள் முழுக்க வெயிலில் தேங்காய்ப் பருப்பைக் கிளற வேண்டும். எதிர்த்துப் பேச அம்மாவுக்குத் தெம்பில்லை. பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

தூக்கை அம்மாவின் மடியில் வைத்த ரித்திகாவுக்குச் சட்டென்று உறைத்தது. கழற்றிய ஒயர்! பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு சுற்றியவள் அவள்தானே? மோட்டார், தராசு, ஸ்டேப்ளர் என்று ஒன்றையும் விடவில்லை. ஒயர் இல்லாத அந்தச் சதுரத் துளையையும் விடவில்லை. சொன்னால் எல்லாரும் திட்டுவார்கள். சொல்லாவிட்டால் அம்மாவுக்குக் களம்தான்.

“ஏனுங்க” என்றாள் மெதுவாக. “ஒயர் மாட்டற துளைக்குள்ள நாந்தானுங்க சந்தனம் வெச்சேன்.”

தீபக்கின் தூக்கம் பறந்துவிட்டது. கேபிளைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். “அட, உள்ள கம்பியும் தங்க நிறம், காஞ்ச சந்தனமும் தங்க நிறம். ரெண்டு நாளா இதைத்தான் பாத்துட்டிருந்தேனுங்க, தெரியவே இல்ல.”

துளைக்குள் துப்புரவு ஸ்ப்ரேயை அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். கேபிளை மாட்டினார். துளை ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டியது. திரையில் எண்கள் ஓடின. மெஷின் கடகடவென்று கிளம்பியது.

மாரப்பன் தலையைச் சொறிந்தார். “அதுக்குள்ள எதுக்குச் சந்தனம் வெச்சே, கண்ணு?”

“எல்லாத்துக்கும் வெச்சேனுங்க. அது மட்டும் வாயைத் தொறந்துட்டு, ‘எனக்கு?’ன்னு கேக்கற மாதிரியே இருந்துச்சுங்க.”

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “களமெல்லாம் வேண்டாம், அம்மணி. நாந்தான் அவசரப்பட்டுப் பேசிப்போட்டேன். மெஷினை நீங்களே பாத்துக்குங்க.”

அம்மா திட்டுவாரோ என்று ரித்திகா பயந்தபடி திரும்பிப் பார்த்தாள்.

பெட்டியில் பச்சை விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அம்மாவோ, திறக்காத தூக்கை மடியில் வைத்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை.