முப்பது வரைக்கும்

"பிள்ளைக்கு முப்பது வரைக்கும் எண்ணத் தெரியுமோ?" என்று டொக்டர் கனகரத்தினம் ஒருமுறை இராசமலரைக் கேட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு கிடந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்றே வேலை கிடைத்தது.

துறைமுகத்தைப் பார்த்த அவருடைய வீட்டுப் பின்னறையில், மூத்திர வாடையும் மருந்து நெடியும் சுவரில் ஊறிப்போயிருக்க, கூடு கூடாக வெள்ளெலிகள் இருந்தன. பரம்பரையாகக் குட்டிக்கு இறங்கும் நோய் அவற்றுக்கு. நரம்பு பட்டுப்போகும், கால் இழுக்கும், தசை உருகும். அப்பாவைக் கொண்டுபோனதும் அதுதான். இப்போது அண்ணன் ஆனந்தராசாவின் கால்களைப் பிடித்திருந்தது. எலிகளில் பலித்தால் அவனுக்கும் மருந்து தருவதாக டொக்டர் சொல்லியிருந்தார்.

மருந்து தின்ற எலியை அவர் பக்கவாட்டில் கிடத்துவார். இராசமலர் எண்ணுவாள். முப்பதுக்குள் புரண்டு எழும்பினால் அது கூட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் கழுத்தில் கம்பியை அழுத்தி வாலைப் பிடித்து இழுப்பார். டக். பாவம் பார்த்து அவள் சிலவற்றுக்கு இழுத்து இழுத்து எண்ணுவாள்.

ஊரடங்குப் பின்னேரம் ஒன்றில் கூடுகளில் சத்தமே இல்லை. எலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே பக்கத்தைப் பார்த்தபடி ஒடுங்கியிருந்தன. அந்தப் பக்கம் நிலத்தில் பாய். பாயில் அண்ணன்.

"மருந்துக்கு முதல் சோதிக்கவேணுமாம், மலர். இண்டைக்கு நானும் உன்ர எலிதான்," என்று சிரித்தான்.

பின்னால் கதவு பூட்டப்பட்டது. டொக்டர் அவனைப் பக்கவாட்டில் சரித்தார். கையில் அலவாங்கு, நிலம் கிண்டும் நீள இரும்புக் கம்பி.

அண்ணனின் சிரிப்பு நின்றது.

"எண்ணுங்கோ, பிள்ளை."

"ஏலாது, டொக்டர்."

"அப்ப நான் எண்ணட்டோ? நான் கெதியா எண்ணுவன்."

"மலர்... மெல்லமா எண்ணு," என்றான் அண்ணன்.

"ஒண்டு..." என்று இழுத்தாள். "ரெண்டு..." அவன் விரல்கள் பாயைப் பிராண்டின. தோள் நடுங்கியது. "பத்து..." தோள் மெல்ல எழும்பியது.

துறைமுகப் பக்கம் ஷெல் புறப்படும் சத்தம்.

அது கேட்டால் விழும்வரை எண்ணுவது ஊர்ப் பழக்கம். பதுங்குகுழியில் குழந்தைகூட எண்ணும். அவள் வாய் தானாக ஓடியது. பதினொண்டு பன்னிரண்டு பதின்மூண்டு. நிறுத்தப் பார்த்தாள். நாக்கு நிற்கவில்லை.

"முப்பது."

ஷெல் எங்கோ விழுந்தது. அண்ணன் அப்போதுதான் புரண்டான்.

அலவாங்கு அவன் கழுத்தில் இறங்கியது. அதன் இரு முனைகளிலும் ஏறி நின்று, குனிந்து, டொக்டர் அவனுடைய தோள்களைப் பிடித்து இழுத்தார்.

டக்.

முதுகுப் பக்கம் திரும்பிய முகம் அவளைப் பார்த்தது. விரல்கள் இன்னும் பாயைப் பிராண்டின.

டொக்டர் கையைத் துடைத்தார். கதவைத் திறந்தார். இராசமலரின் கால்களை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.