கலங்கல் தண்ணீர்

அப்பாவின் பழக் கிடங்கின் மூலையில் ஒரு நீல ட்ரம். அதற்குள் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கலாக ஏதோ இருந்தது.

"அத்தை, இது என்ன?" என்று கேட்டாள் சிஐடி. எதையும் சட்டென்று நம்பமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அத்தை, ஆரஞ்சுப் பழங்களை அதில் முக்கி முக்கி எடுத்தார். "நல்ல ஈஸ்ட். பழத்தோல்ல கீறல் இருந்தா அது வழியாத்தான் பூஞ்சை உள்ள போகும். இது முன்னாடியே போய் அந்த இடத்தைப் பிடிச்சுக்கும்."

"பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரியா?"

"அதேதான்!"

சிஐடி தலையாட்டினாள். நம்பவில்லை.

ஐந்தாம் நாள் சுவரோரப் பெட்டிகளில் பச்சைப் பூஞ்சை பூத்திருந்தது. அப்பாவின் முகம் சிவந்தது.

"அக்கா, உன் தண்ணிய நம்பி மோசம் போனேன்! இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் ட்ரம்மச் சாக்கடையில கவுத்துடுவேன்."

அத்தையின் கண்கள் நிறைந்தன.

சிஐடிக்கு ஏதோ இடித்தது. சன்னலோரப் பழங்களும் அதே ட்ரம்மில் முக்கியவைதான். அவை கெடவில்லையே! அருகில் போய்ப் பார்த்தாள். அவை மங்கலாக இருந்தன. சுவரோரத்தில் மிஞ்சியவையோ கண்ணாடி மாதிரிப் பளபளத்தன.

இது யார் வேலை?

மறுநாள் புதுப் பழங்களை அத்தை முக்கும்போது சாக்குக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அத்தை அந்தப் பக்கம் போனதும் சித்தப்பா பூனை போல வந்தார். ஈரப் பழங்களைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"சித்தப்பா!"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், பயமுறுத்தாதே! அழுக்கா இருந்தா எவன் வாங்குவான்? அண்ணனுக்கு ஒரு உதவிதான்..."

"சீட்டு பிடிச்சவங்களை எல்லாம் இறக்கி விட்டுட்டீங்களே!"

"போடி, கதை விடாதே."

"அப்போ சோதிச்சுப் பார்ப்போமா?"

துடைத்த பழம் ஆறு ஒரு பெட்டியில். துடைக்காதது ஆறு இன்னொன்றில். ஒருவரை ஒருவர் நம்பாததால், ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒன்று!

வாரம் முடிந்த அன்று திறந்தார்கள். துடைத்த ஆறில் நாலில் பச்சைப் பூஞ்சை. மற்ற ஆறும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன.

அதற்குள் அப்பா வந்து, சொன்னபடியே ட்ரம்மைக் கவிழ்க்கக் கை வைத்தார். சிஐடி வாயைத் திறந்தாள். வெளுத்துப்போன சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு நிமிஷம். சித்தப்பா உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

சித்தப்பா இரண்டு பெட்டிகளையும் நீட்டினார். "அண்ணே, தப்பு அக்கா தண்ணியில இல்ல. துடைச்சது நான்தான்."

அப்பா பெட்டிகளைப் பார்த்தார். ட்ரம்மிலிருந்து கையை எடுத்தார்.

"அக்கா... வாசல்ல லோடு வந்திருக்கு. முக்கணும்ல?"

அத்தை சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டினார்.

சித்தப்பா துண்டைச் சுருட்டிச் சிஐடியிடம் கொடுத்தார். "நீயே வச்சுக்கோ. என் கைய நானே நம்ப மாட்டேன்."