மாவு மாத்திரை

வாளையார் சோதனைச் சாவடியில் சரக்கு லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, அதற்குப் பக்கத்துத் தெருவில் நர்மதாவின் வீட்டு அழைப்பு மணி மூன்று முறை அடித்தது. வாசலில் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். பள்ளிவாசல் என்ற தேயிலைமலை ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"என் பேரு சுவக்கீன், மேடம். பள்ளிவாசல் பஜார்ல ஜெனரிக் மருந்துக்கடை வச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் என் கடையப் பூட்டச் சொல்லி ஊரே மனுவில கையெழுத்துப் போடப் போகுது. நான் மருந்தே இல்லாத மாவு மாத்திரை விக்கிறேனாம்."

நர்மதா இருபத்தெட்டு ஆண்டுகள் மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; மருந்துச் சிக்கல் என்றால் ஜனங்கள் இன்னும் அவரைத் தேடி வருவார்கள். எதிரில் இருப்பவர் எவ்வளவு பதறினாலும் அவர் குரல் ஒரு படி ஏறாது.

"முதல்ல உக்காந்து தண்ணி குடிங்க. அப்புறம் முதல்ல இருந்து சொல்லுங்க."

சுவக்கீன் சொன்னார். அவருடைய தாய் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து மருந்தியல் படித்த முதல் ஆள் இவர்தான். கடந்த பிப்ரவரியில் கடை திறந்தார். நெடுங்காலமாகத் தைராய்டு மாத்திரையைப் பெயர்பெற்ற கம்பெனியின் பாட்டிலாக வாங்கியவர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இவரிடம் அதே மருந்தின் விலை குறைந்த, பிராண்டு பெயரில்லாத ஜெனரிக்குக்கு மாறினார்கள்.

"என்னால ஆனதெல்லாம் செஞ்சேன் மேடம். மருந்து இல்லைன்னு யாரையும் திருப்பி அனுப்புனதில்ல. எழுத்துத் தெரியாத அக்காமார் ராத்திரி மாத்திரையக் காலையில முழுங்கிடக் கூடாதுன்னு, காலைப் பொட்டலத்துல சூரியன், ராத்திரிப் பொட்டலத்துல நிலான்னு வரைஞ்சே கொடுத்தேன். ஆனா ஜூலையில ரத்தம் பாத்தா, எங்க லயத்து அன்னாள் அக்காவுக்குத் தைராய்டு அளவு, அந்த டி.எஸ்.எச்., பதினாலு. நாலரையத் தாண்டக் கூடாது. மாறுறதுக்கு முன்னால மூணுதான் இருந்துச்சு. சிஞ்சு, பிரதீபா ரெண்டு பேருக்கும் அப்படியே ஏறியிருக்கு."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர்கள் சாப்பிட்ட அதே தொகுதி மாத்திரைகளைத் தாமே கோயம்புத்தூர் ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கிய அறிக்கை. மருந்தின் அளவு அனுமதித்த எல்லைக்குள் சரியாக இருந்தது.

"இதக் காட்டலையா?"

"காட்டினேன். நீயே வாங்குன காயிதத்த நாங்க எப்படி நம்புறதுன்னு கேட்டாங்க. அவங்க கேக்குறதும் நியாயந்தான மேடம்?"

நர்மதா அறிக்கையை மடித்துத் தம் கைப்பையில் வைத்தார். தன் மேல் குற்றம் சுமத்துகிறவர்களின் கேள்வியை நியாயம் என்று சொல்கிற மருந்துக்கடைக்காரரை அவர் தம் பணிக்காலத்தில் அதிகம் கண்டதில்லை.

உள்ளறையிலிருந்து அவருடைய அண்ணன் மகன் ரமேஷ்குமார் வந்தான். வயது முப்பத்தைந்து. தைராய்டு மாத்திரை செய்யும் மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. அத்தையின் வழக்குகள் என்றால் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான்.

"நான் சொன்னா நீங்க கேக்கறதில்லீங்க அத்தை. பிராண்டு பிராண்டுதானுங்க!"

"ஏன்டா, உன்ற கம்பெனி மாத்திரையில என்ன இருக்குது?"

"தைராக்சினுங்க."

"இவரு மாத்திரையில?"

"அதுவும் தைராக்சின்தானுங்க. ஆனா…"

"அந்த 'ஆனா' என்னன்னுதான் போய்ப் பாக்கோணும். நாளைக்குக் காரை எடு."

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிவாசல் போய்ச் சேர்ந்தார்கள். எஸ்டேட் பாதையில் கார் ஏறாது என்பதால், மறுநாள் விடியற்காலையில் ஜிபி என்பவரின் ஜீப்பில் கிளம்பினார்கள். வளைவுகளில் ஒரு கையால் வண்டியை ஒடித்துக்கொண்டே ஜிபி பேசினார்.

"எனக்கும் தைராய்டுதான் மேடம். சுவக்கீன் அண்ணன்கிட்டத்தான் வாங்குறேன்." டாஷ்போர்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "போன மாசம் பாத்தேன், ரெண்டு புள்ளி எட்டு. டாக்டரே கைகொடுத்தார்."

நர்மதா அட்டையைத் திருப்பித் தொகுதி எண்ணைப் படித்தார். ஆய்வக அறிக்கையில் இருந்த, அன்னாளின் மாத்திரைக்கான அதே எண்.

"உங்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கறதில்லீங்களா?"

"எனக்கு இருக்கறதே ஒரு மாத்திரை. அதுக்கு எதுக்கு மேடம் பொட்டலம்? எந்திரிச்சதும் தண்ணியில முழுங்கிட்டு வண்டியக் கழுவப் போயிருவேன்."

ரமேஷ்குமார் அத்தையின் காதோடு சொன்னான். "ஒரே நம்பர் போட்டு ரெண்டு சரக்குங்க அத்தை. ஒண்ணு அசல், ஒண்ணு போலி. வாளையார் வழியா எத்தன லாரி போகுது பாருங்க!"

"போலி அடிக்கறவன் ஜிபிக்கு மட்டும் அசலைப் பொறுக்கி அனுப்புவானாடா?" என்றார் நர்மதா. ரமேஷ்குமார் தேயிலைச் செடிகளைப் பார்க்கத் தொடங்கினான்.

அவர்கள் லயத்தை அடைந்தபோது மணி ஆறரை. அன்னாள் பால் இல்லாத கட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, நேராக ஆளைப் பார்த்துப் பேசுகிறவர்.

"வாங்க மேடம். நீங்க அந்தாளு பக்கமா, எங்க பக்கமா? அத மொதல்ல சொல்லிருங்க."

"நான் மாத்திரை பக்கமுங்க."

அன்னாள் தன்னை மறந்து சிரித்துவிட்டார். பிறகு முகம் வாடியது. "இருபத்தஞ்சு கிலோ கொழுந்து சாதாரணமா எடுத்தவ நான். இப்பம் பாதி எடுக்கதுக்குள்ள கை ஓஞ்சு போவுது. வெயில்லயும் குளிருது. முடி கொத்துக் கொத்தா வருது. எங்க சுவக்கீன்னு நம்பித்தான மாறுனோம்? வேத்தாளு ஏமாத்துனா இவ்வளவு வலிக்காது."

பேசிக்கொண்டே அலமாரியிலிருந்து சூரியன் வரைந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே இருந்தவற்றை மொத்தமாக வாயில் போட்டுச் சூடான சாயாவை ஊற்றிக்கொண்டார். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து வேலைக்கு அழைக்கும் விசில் சத்தம் வந்தது.

அடுத்த வீட்டு வாசலில் நின்ற சிஞ்சு குரல் கொடுத்தாள். "நான் அன்னாள் மைனி மாதிரி இளிச்சவாய் இல்ல மேடம். பொட்டலத்தப் பிரிச்சதும் அந்தச் சின்ன மாத்திரைய அடுப்புல போட்டுருவேன். கொச்சியில இருந்து எங்க வீட்டுக்காரர் வாங்கி அனுப்புன பழைய பாட்டில் மாத்திரைய அதுக்குப் பதிலா வச்சு முழுங்கிருவேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"அப்புறம் ரத்தம் பாத்தீங்களா?"

சிஞ்சுவின் குரல் சற்று இறங்கியது. "போன வாரம் பாத்தேன். பதினொண்ணு. அந்த மாவு மாத்திரை உடம்புல ஊறிப்போச்சு, லேசுல இறங்குமா?"

"பொட்டலத்துல இருக்கற மத்த மாத்திரைகளை எரிக்கலையா?"

"அது சத்து மாத்திரை மேடம். அதுல போய் என்னத்த ஏமாத்தப் போறாரு?"

நர்மதா தலையசைத்தார். திரும்பி நடக்கும்போது ரமேஷ்குமாரிடம், "போலாம்டா. முடிஞ்சுது," என்றார். அவன் வாயைப் பிளந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் நாற்பது பெண்கள் கூடியிருந்தார்கள். மனு அன்னாளின் மடியில் இருந்தது. சுவக்கீன் சுவரோரம் கைகட்டி நின்றார். நர்மதா சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு கேட்டு வாங்கி, அன்னாள் கொண்டுவந்திருந்த காலைப் பொட்டலம் ஒன்றை அதில் கொட்டினார். மூன்று மாத்திரைகள் உருண்டு நின்றன. சின்ன வெள்ளை ஒன்று, கருஞ்சிவப்பு ஒன்று, பெரிய வெள்ளை ஒன்று.

"சந்தேகப்பட வேண்டிய மூணு பேரும் இந்தத் தட்டுல இருக்கறாங்க. எல்லாரும் இந்தச் சின்னவனையே புடிச்சு அடிச்சீங்க. அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. ஒரே மருந்துன்னாலும் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் இம்மி வித்தியாசம் இருக்கலாம். தைராய்டுக்கு அந்த இம்மியும் கணக்குதான். அதனாலதான் மாத்துனா ஆறு வாரத்துல ரத்தம் பாக்கணும், அடிக்கடி மாத்தக் கூடாதுன்னு சொல்றது. ஆனா இம்மி வித்தியாசம் மூணைப் பதினாலு ஆக்காது."

"அப்ப எது ஆக்குச்சு?" என்று பிரதீபா பின்வரிசையிலிருந்து கேட்டாள்.

"சொல்றேன். அதே தொகுதி மாத்திரையைச் சாப்பிடற ஜிபிக்குச் சரியா இருக்குது. பாட்டில் மாத்திரைக்கே திரும்பிப் போன சிஞ்சுவுக்குச் சரியாகலை. ஜெனரிக் ஜெயிச்ச இடமும் இருக்குது, பிராண்டு தோத்த இடமும் இருக்குது. அப்ப குத்தம் மாத்திரை மேல இல்ல. சிஞ்சு வீட்டுல இருக்கறது, ஆனா ஜிபி ஜீப்புல இல்லாதது எது?" நர்மதா அன்னாள் பக்கம் திரும்பினார். "போன வருசம் அந்தப் பாட்டில் மாத்திரையை எப்பப் போட்டீங்க?"

"எந்திரிச்சதும். அஞ்சு மணிக்கு. பாட்டில் தலமாட்டுலயே இருக்கும்."

"சாயா?"

"பெறவு தண்ணி புடிச்சு, அடுப்பப் பத்தவச்சு, பிள்ளைகள எழுப்பி… ஆறரை ஆயிரும்."

"இந்தச் சத்து மாத்திரை ரெண்டும்?"

"அது மத்தியானச் சோத்துக்குப் பெறவு. மலையில மறந்து போவும், போட்டா உண்டு." அன்னாள் சட்டென்று நிறுத்தித் தட்டைப் பார்த்தார். "இப்பம் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போடுதேன். சாயாவோட."

"அதுதானுங்க. செவப்பு இரும்புச்சத்து, பெருசு கால்சியம். ரெண்டும் நல்ல மாத்திரைகதான். ஆனா தைராக்சினோட ஒரே நேரத்துல வயித்துக்குள்ள போனா, அதைப் புடிச்சு வச்சுக்கும். ரத்தத்துல சேர விடாது. கூடச் சாயா வேற. சாயாவை ஒரு மணி நேரம், சத்து மாத்திரைகளை நாலு மணி நேரமாவது தள்ளி வெக்கோணும். முன்னால உங்க விடியக்கால வேலைகளே அந்த இடைவெளியக் கொடுத்துச்சு. உங்களுக்கே தெரியாம நீங்க சரியாச் செஞ்சுட்டு இருந்தீங்க."

ரமேஷ்குமார் நெற்றியில் அறைந்துகொண்டான். "டாக்டருங்ககிட்ட இத நானே நூறு தடவ சொல்லியிருக்கறேனுங்க!"

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் சொல்லியிருக்க வேண்டாமா, டாக்டர் கேட்டிருக்க வேண்டாமா என்று குரல்கள் கிளம்பின. இது ஒருவர் மேல் போடுகிற பழியல்ல என்று சொல்ல நர்மதா வாயெடுத்தார். அதற்குள் சுவக்கீன் சுவரை விட்டு முன்னால் வந்துவிட்டார்.

"யாரையும் சொல்ல வேண்டாம். மூணையும் ஒரே பொட்டலத்துல கட்டுனது நான். மத்தியானம் மறந்து போறீங்களேன்னு, அதையும் காலையிலயே சேத்துட்டேன். நான் படிச்சவன். ஒவ்வொரு மாத்திரையும் எப்படின்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவேன். மூணையும் ஒண்ணா வச்சப்போ மட்டும் எனக்குத் தோணல. அன்னாள் அக்கா, உங்க கை ஓஞ்சது என்னாலதான். மனுவக் கொடுங்க."

அவர் நினைத்திருந்தால் பேசாமல் நின்றிருக்கலாம். மாத்திரை சுத்தம் என்பது நிரூபணமாகிவிட்டது. நாற்பது பேரும் நர்ஸைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். எத்தனையோ கடைகளில் எத்தனையோ முதலாளிகளின் சாக்குகளைக் கேட்டுப் பழகிய நர்மதா, முதல் முறையாக ஒரு கடைக்காரருக்காகத் தம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

அன்னாள் மனுவை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நீ கட்டுன, நான் முழுங்குனேன். டாக்டரம்மா வெறும் வயித்துலன்னு சொன்னது என் காதுலயும் விழுந்ததுதான். கடையப் பூட்டுனா நாளைக்கு நாங்க எங்க போவ? பஜார்ல நாலு கடை இருக்கு. தப்பு என்னுதுன்னு எழுந்து சொல்லுத ஆளு எந்தக் கடையில இருக்கான், சொல்லு பாப்போம்?"

அன்னாள் மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்பம் திங்கக்கிழமை கடையத் தொற. மூணு பேருக்கும் எப்ப எதப் போடணும்னு நீயே லயத்துக்கு வந்து சொல்லிட்டுப் போ."

கீழே இறங்கும் வழியில் ரமேஷ்குமார் காரை ஓட்டினான். சின்னாறு தாண்டியதும் கேட்டான். "அப்ப பிராண்டும் ஜெனரிக்கும் ஒண்ணுதானுங்களா அத்தை?"

"தரமாச் செஞ்சிருந்தா ரெண்டும் வேல செய்யும். எதையாவது ஒண்ணைப் புடிச்சுட்டு அதையே விடாம, நேரத்துக்குப் போடோணும். உன்ற கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லிப்போடாத, வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

எட்டு வாரம் கழித்துச் சுவக்கீன் போன் செய்தார். குரலில் சிரிப்பு இருந்தது.

"அன்னாள் அக்காவுக்கு நாலு மேடம். நேத்து இருபத்திரண்டு கிலோ எடுத்தாங்களாம். பிரதீபாவுக்கு அஞ்சு, இறங்கிட்டு இருக்கு. சிஞ்சுவுக்கு மூணு."

"சிஞ்சு உங்க மாத்திரைக்கு வந்துட்டாங்களா?"

"இல்ல மேடம். பாட்டில் மாத்திரைதான் வேணும்னு ஒரே பிடிவாதம். அவளுக்காக அதையும் வரவழைச்சு வச்சிருக்கேன். மாசாமாசம் என் கடைக்கு வந்துதான் வாங்கிட்டுப் போறா."