404-ல் ஒரு மரணம்

தொலைபேசி நான்காவது தடவை அலறியபோதுதான் அவன் எடுத்தான்.

வாடிக்கையாளர் பிரிவிலிருந்து மாற்றிவிட்டிருந்தார்கள். வெப்சைட் சம்பந்தமாம்.

மறுமுனையில் ஒரு பெண். நிதானமாகத்தான் பேசினாள். அந்த நிதானம்தான் அவனை என்னவோ செய்தது.

"கம்பெனி வெப்சைட்டைப் பார்த்துக்கிறது நீங்கதானா தம்பி?"

"ஆமா மேடம்... சொல்லுங்க."

"என் தங்கச்சி நேத்து குளிக்கப் போனா. கதவை உடைச்சுத்தான் வெளிய எடுத்தோம்."

அவன் கையிலிருந்த பேனா நின்றது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். குளியலறையில் இருந்தது இந்தக் கம்பெனியின் கேஸ் ஹீட்டர். விஷவாயு கசிந்திருக்கிறது. ரெண்டு வாரமாகவே தங்கைக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. ஹீட்டர்மீது சந்தேகம் வந்து, அதன் வயிற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறாள். 'பாதுகாப்பு எச்சரிக்கைக்கு இந்த முகவரியைப் பாருங்கள்.' பார்த்திருக்கிறாள். பிறகுதான் குளிக்கப் போயிருக்கிறாள்.

"அவ போன்ல அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கு. 'நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை.' கீழ 404-ன்னு ஒரு நம்பர். அப்படின்னா என்ன தம்பி?"

அவனுக்குத் தெரியும். அந்தக் கட்டிடத்தில் அவனை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

404 என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறது. கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. கேட்ட முகவரியில்தான் ஒன்றுமில்லை. வீடு மாறிப் போனவர்கள் புது விலாசத்தை யாரிடமும் சொல்லாமல் போனால் தபால்காரர் என்ன செய்வார்? அதே கதை.

வீடு மாற்றியவன் அவன்தான்!

ஒன்பது நாளைக்கு முன்பு வெப்சைட்டைப் புது சர்வருக்குக் கொண்டுபோனான். பக்கங்களின் முகவரிகள் எல்லாம் மாறின. பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் புது முகவரியைக் காட்டும் கைகாட்டி வைக்க வேண்டும். முகப்புக்கு வைத்தான். விலைப்பட்டியலுக்கு வைத்தான். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். உடைந்த இணைப்புகளின் பட்டியல் தினமும் காலையில் அவன் மெயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அறுபத்து மூன்று முகவரிகள். ஒருநாள்கூடத் திறக்கவில்லை. ஆபீஸில் அவனுக்குப் பட்டப்பெயரே 'நாளைக்கு'தான்.

"தம்பி... லைன்ல இருக்கீங்களா?"

"சர்வர் கோளாறு மேடம்," என்றான். "மெஷின் திடீர்னு படுத்துக்கும். யார் கையிலயும் இல்ல."

சொன்ன நாக்கு அவனுக்கே கசந்தது.

அவள் போனை வைத்தாள்.

மதியம் இன்ஸ்பெக்டர் வந்தாள்.

ஒல்லியான உடம்பு. ஓயாத கண்கள். மேனேஜர் அறையில் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டனுப்பினாள். இறந்தவளின் கணவன் கம்பெனி மேல் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். மேனேஜரின் நெற்றியெல்லாம் வியர்வை. அவன் வாயைத் திறப்பதற்குள் மேனேஜரே முந்திக்கொண்டு, எச்சரிக்கைப் பக்கம் எப்போதும் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்றார்.

"அப்ப அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் வரல?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"500, மேடம்," என்றான். "500-ன்னா சர்வருக்குள்ளயே கோளாறு. அந்த நேரம் பார்த்து வந்திருக்கும்."

"போன்ல 404-ன்னுல்ல இருக்கு?"

"சில சமயம்... தப்பா காட்டும்."

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டாள். அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

"சர்வர்ல பதிவு இருக்கும்னு சொல்றாங்களே. யார் வந்தா, எந்தப் பக்கம் கேட்டா, என்ன பதில் போச்சு... எல்லாம் இருக்குமாமே?"

"இருக்கும் மேடம்."

"சாயந்திரம் ஸ்டேஷனுக்குக் கொண்டு வாங்க."

இருக்கைக்கு வந்தான்.

பதிவில் 404 என்று இருந்தால் குட்டு உடைந்துவிடும். ஒரே ஒரு வரிதான். அழித்துவிட்டால்? அவனைத் தவிர வேறு யாருக்கும் பார்க்கத் தெரியாது.

மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. 'எங்க வீட்டுக்காரர் இல்லன்னா அந்தக் கம்பெனி வெப்சைட்டே ஓடாது' என்று நாத்தனாரிடம் போனில் பீற்றிக்கொள்வாள். அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

அழிக்க முடிவு செய்தான்.

ஒன்று விடாமல் அழிக்க வேண்டுமே... இன்ஸ்பெக்டர் குறித்துக் கொடுத்திருந்த அந்த வீட்டு இன்டர்நெட் இணைப்பின் எண்ணைக் கொடுத்து, பழைய சர்வர், புது சர்வர் இரண்டின் பதிவுகளிலும் தேடினான்.

முதலில் கண்ணில் பட்டது நேற்றைய வரி. காலை 10:12. கைபேசி. எச்சரிக்கைப் பக்கம். பதில் 404.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பெண் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதவைத் தட்டியிருக்கிறாள். இவன் உள்ளே ஆளில்லை என்று அனுப்பியிருக்கிறான்.

அவன் கண்களை மூடிக்கொண்டான். திறந்தபோது அந்த வரிக்கு மேலே இன்னும் மூன்று வரிகள் தெரிந்தன.

அதே வீடு. ஆனால் பதினாறு நாளைக்கு முன்னால். வெப்சைட்டை மாற்றுவதற்கும் முன்னால். கைபேசி இல்லை, மடிக்கணினி. எச்சரிக்கைப் பக்கம், திரும்பவும் எச்சரிக்கைப் பக்கம், கடைசியாக, விஷவாயு வெளியேறக் குளியலறையில் இருக்க வேண்டிய காற்றுத் துவாரம் பற்றிய படம்.

மூன்றுக்கும் பதில் 200.

200 என்றால்... கேட்ட பக்கம் கிடைத்துவிட்டது!

அந்த வீட்டில் யாரோ எல்லாவற்றையும் படித்திருக்கிறார்கள்.

அழிக்கும் பொத்தான் மேலிருந்த விரலை மெல்ல எடுத்தான்.

ஸ்டேஷனில் கணவன் உட்கார்ந்திருந்தான். கையில் நனைந்த கைக்குட்டை. பக்கத்தில் ஒரு பெண். குரலைக் கேட்காமலே அவள்தான் போனில் பேசிய அக்கா என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தனியாகப் பேச வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்கத்தான் நினைத்திருந்தான். அந்த அக்காவைப் பார்த்ததும் முடியவில்லை.

"நான் பொய் சொன்னேன் மேடம்," என்றான். "சர்வர் நல்லாத்தான் இருந்தது. பக்கமும் இருந்தது. வழி வைக்க வேண்டியது நான். வைக்கல. ஒன்பது நாளா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தாள்.

கணவன் எழுந்தான். "பார்த்தீங்களா மேடம்! காத்துத் துவாரத்தை மூடக் கூடாதுன்னு அந்தப் பக்கத்துல இருந்திருந்தா நான் மூடியிருப்பேனா? பல்லி வருதுன்னு அவதானே மூடச் சொன்னா! எங்களுக்கு யார் சொன்னா?"

இன்ஸ்பெக்டர் புகார் மனுவைப் புரட்டினாள். "என்னிக்கு மூடினீங்க... ஆங், எழுதியிருக்கீங்களே. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி."

"ஆமா மேடம். விவரம் தெரியாம மூடிட்டேன்."

அவன் தான் கொண்டுவந்திருந்த பதிவுத் தாளை மேசைமேல் வைத்தான். அந்த மூன்று வரிகளைச் சுட்டிக்காட்டினான்.

"மூடறதுக்கு முந்தின நாள் மேடம். இவங்க வீட்டுலேர்ந்துதான். அப்ப பக்கம் திறந்திருக்கு. துவாரத்தை மூடினா என்ன ஆகும்னு போட்டிருக்கிற படத்தையும் பார்த்திருக்காங்க."

கணவனின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

"அது... அவ பார்த்திருப்பா."

"என்னிக்கு?" என்று கேட்டது அக்கா.

இன்ஸ்பெக்டர் தேதியைச் சொன்னாள். காலை பதினொரு மணி.

அக்கா மெல்ல எழுந்தாள்.

"அந்த வாரம் பூரா அவ என் வீட்டுல இருந்தா மாப்பிள்ளை. நீங்கதானே கொண்டுவந்து விட்டீங்க... 'நாலு நாள் இருந்துட்டு வரட்டும் அக்கா'ன்னு."

கணவன் வாசலைப் பார்த்தான். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தார். அகலமான கான்ஸ்டபிள்.

அதற்குப் பிறகு கணவன் அதிகம் மறைக்கவில்லை. வேறொருத்தி இருந்தாளாம். பக்கம் காணாமல் போனது அவனுக்கு முதலில் தெரியவே தெரியாது. பிணத்தின் பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்த பிறகுதான், பழியைப் போட ஒரு தலை கிடைத்ததென்று குதித்திருக்கிறான்.

வெளியே வராந்தாவில் அந்த அக்கா இவன் எதிரில் வந்து நின்றாள்.

"அவனைப் பிடிச்சுக் குடுத்தீங்க. நன்றி சொல்லணும்னு தெரியுது தம்பி. வாய் வரல."

"வேண்டாம்க்கா."

"பத்தேகால் மணிக்கு அந்தப் பக்கம் திறந்திருந்தா அவ குளிக்கப் போயிருக்க மாட்டா."

"ஆமாக்கா."

தலையை நிமிர்த்த முடியவில்லை. அவள் படியிறங்கித் தெருமுனை திரும்பும் வரை தரையையே பார்த்தபடி நின்றான்.

அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் எழுந்து விளக்கை அணைத்தாள். காலையில், "போய் முதல்ல அதைச் சரிபண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பதிவின் நகலில் கையெழுத்து வாங்க வந்தபோது அவன் அறுபத்திரண்டாவது முகவரியில் இருந்தான். மேனேஜர் கொடுத்த விளக்கம் கேட்கும் கடிதம் பக்கத்தில் பிரித்தபடி கிடந்தது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, எல்லாத்துக்கும் 301, 301-ன்னு போடறீங்க?"

"பழைய விலாசத்துல இப்ப இல்ல, நிரந்தரமா வேற இடத்துக்குப் போயாச்சுன்னு அர்த்தம் மேடம். வர்றவங்களை அதுவே அங்க கூட்டிட்டுப் போயிடும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்ப அந்தப் புருஷன் பேருக்கும் ஒண்ணு போட்டுடுங்க. விலாசம் நான் தர்றேன்... எத்தனை வருஷம் கம்பி எண்ணணும்கிறதுதான் இன்னும் முடிவாகல!"