அண்ணன் உயரமும் பந்தல் கம்பியும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களில் உயரமானவர்களை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். தெருவில்கூடக் கொஞ்சம் குனிந்தே நடப்பார்கள். நாள் முழுக்கப் பந்தலுக்குள் கழுத்தை மடக்கி மடக்கி வந்த பழக்கம் அது. ஜெசியின் அப்பா பங்கிராஸ் அப்படித்தான்.

அண்ணன் அருண் ஜோசப்புக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அம்மாவைப் போல அளவான உயரம்.

"தோட்டத்துக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கான் எம்புள்ள" என்பார் அம்மா இன்னாசியம்மாள். வீட்டில் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைப்பவர் வேறு எப்படிச் சொல்வார்?

ஆனால் அருணுக்கு வேறு ஆசை. ராணுவத்தில் சேர வேண்டும். தினமும் காலையில் உத்தமபாளையத்திலிருந்து அவன் நண்பன் அஸ்லம் வந்துவிடுவான். இருவரும் வாய்க்கால் கரையோரம் மூச்சு வாங்க ஓடுவார்கள். ஓட்டத்தில் அருணை மிஞ்ச ஆள் இல்லை. கவலை எல்லாம் உயரத்தைப் பற்றித்தான்.

"நூத்தி அறுபத்தாறு சென்டிமீட்டர் இருக்கணும்" என்றான் அஸ்லம். "அதுக்குக் கீழ இருந்தா, எவ்வளவு வேகமா ஓடினாலும் வீட்டுக்குத்தான் ஓடணும்."

"எல்லாருக்கும் அதே அளவா அண்ணே?" என்று கேட்டாள் ஜெசி. அவள் ஐந்தாம் வகுப்பு.

"இல்ல. ஊருக்கு ஊரு மாறும். இமயமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைச்சல்."

"நம்ம ஊரைச் சுத்தியும் மலைதானே? நமக்கும் குறைக்கச் சொல்லுங்க!"

அஸ்லம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஏலே அருணு, பேசாம உன் தங்கச்சிய ராணுவ மந்திரி ஆக்கிருவோம்."

அருண் சிரிக்கவில்லை. அவன் சைக்கிள் சீட்டைக்கூட, உயரமாகத் தெரிய வேண்டும் என்று முழுக்க ஏற்றி வைத்திருப்பவன். அந்தச் சைக்கிளில்தான் தினமும் ஜெசியைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவான்.

திராட்சை பழுத்துக் குலை குலையாகத் தொங்கிய சமயம், தோட்டத்து மோட்டார் ரூமைப் பூசுவதற்குக் கொத்தனார் நல்லகண்ணு வந்தார். அவரிடம் இரும்பு டேப் இருந்தது. அருண் அதைக் கெஞ்சி வாங்கி, நடைபாதைக்கு மேலே ஓடிய பந்தல் கம்பியைத் தரையிலிருந்து அளந்தான்.

"அட! சரியா நூத்தி அறுபத்தாறு!"

உடனே அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான். அடியில் போய் விறைப்பாக நின்றான். ஜெசி அவன் தலைக்கும் கம்பிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் நுழைந்தது.

"ஒரு விரல்தாண்ணே. வளந்துருவ."

அன்றிலிருந்து அருண் புளியமரக் கிளையில் வவ்வால் போலத் தொங்க ஆரம்பித்தான். வளர்ந்திருக்கிறோமா என்று தினமும் கம்பிக்கடியில் நின்று பார்க்கவும் ஆசைதான். அம்மா விடவில்லை.

"சும்மா சும்மா அளந்தா கண்ணுபட்டு வளத்தி நின்னுரும். நேரம் வரும்போது பாத்துக்க."

அம்மா சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அவன் அந்தப் பக்கம் தலையைக் கொண்டுபோகவே இல்லை.

இப்போது ஜெசியின் தகர டப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிஞ்சு பிடித்தபோது, பறவைகளை விரட்டுவதற்காக அவள் தன் ரோஸ் ரிப்பனால் ஒரு பால்பவுடர் டப்பாவை அதே கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே இரண்டு கல். காற்றடித்தால் டப்பா தரைக்குச் சற்று மேலே ஆடி, லொடலொடவென்று சத்தம் போடும். பழம் பெருத்ததும் என்ன ஆனதோ, டப்பா தரையில் உட்கார்ந்துகொண்டது. சத்தம் நின்றது. ஒரு மைனா அதன் மேல் உட்கார்ந்து இறகு கோதியது.

"ஆத்தா ஜெசி, நீ பறவைக்கு ஸ்டூலு போட்டுக் குடுத்திருக்கியா?" என்று அப்பா கேலி செய்தார்.

அறுவடை முடிந்தது. அப்பா கொடிகளைக் கவாத்து செய்தார். அதாவது, பழைய கிளைகளை வெட்டிவிட்டார். பிறகு வருடா வருடம் செய்வதுபோலப் பந்தல் கம்பிகளை இழுத்து முறுக்கிக் கட்டினார். இலையும் பழமும் இல்லாத பந்தல் மொட்டையாக நின்றது.

அதற்குள் அருண் கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வில் தேறிவிட்டான். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. அழைப்பு வந்த அன்று சாயங்காலம், அவன் ஜெசியைக் கூட்டிக்கொண்டு பந்தலுக்கு ஓடினான். சிவப்புத் துணிக்கு அடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டான்.

"பாரு ஜெசி. எத்தனை விரலு?"

ஜெசி விரலை விட்டாள். ஒன்று நுழைந்தது. இரண்டு நுழைந்தது. மூன்றாவதும் நுழைந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தாள்.

"சொல்லு புள்ள."

"மூணுண்ணே."

அருண் கையை நீட்டித் தானே தடவிப் பார்த்தான். முகம் சுண்டிப் போனது. "கூடும்னு பாத்தா குறைஞ்சில்ல போயிருக்கேன்! இதுக்கா இத்தனை நாளு மரத்துல தொங்கினேன்?"

அங்கேயே போனை எடுத்து அஸ்லமைக் கூப்பிட்டான். "நீ மட்டும் போயிட்டு வா. நான் வரல" என்றான். வீட்டுக்குப் போய் ஓட்டப் பயிற்சி ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டான்.

ஜெசி பந்தலிலேயே நின்றாள். அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது மலைப் பக்கமிருந்து காற்று வீசியது.

லொடலொட. லொடலொட.

"ஐ! என் டப்பா!" என்று துள்ளினாள். டப்பா தரையைத் தொடாமல் ஜாலியாக ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு துள்ளலை நிறுத்தினாள். ரிப்பன் அதே ரிப்பன். முடிச்சும் அவள் போட்ட அதே முடிச்சு. தரை எங்கேயும் இறங்கிப் போகாது. அப்படியானால்?

ஜெசி நிமிர்ந்து கம்பியைப் பார்த்தாள். பழத்தின் பாரத்தில் தொய்ந்து கிடந்த கம்பி. பாரம் போய்விட்டது. அப்பா வேறு இழுத்துக் கட்டியிருக்கிறார். அண்ணன் குறையவில்லை. கம்பிதான் மேலே ஏறியிருக்கிறது!

சொல்வதற்காக வீட்டுக்கு ஓடியவள், வாசலில் அண்ணனின் சைக்கிளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சொன்னால் அண்ணன் போய்விடுவானே! காலையில் யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? சாப்பிடும்போது அவள் தட்டில் கிடக்கும் கத்தரிக்காயை அம்மாவுக்குத் தெரியாமல் யார் எடுத்துத் தின்பார்கள்? அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணன் இங்கேயே இருப்பான்.

அவள் சொல்லவில்லை. அன்று கத்தரிக்காயை அவளே தின்றாள். அருண் சாப்பிடவே வரவில்லை.

மறுநாள் காலையில் அருண் சைக்கிளை மெதுவாக மிதித்தான். வழக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வருவான். இன்று பாட்டு இல்லை. வாய்க்கால் கரையில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அருண் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஜெசி பின்னாலிருந்து அதைப் பார்த்தாள். அண்ணன் கூடவே இருந்தான். ஆனால் இந்த அண்ணன் அவளுக்கு வேண்டாம். பாட்டுப் பாடுகிற அண்ணன்தான் வேண்டும்.

"அண்ணே, வண்டிய நிறுத்து."

"ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"நீ குறையலண்ணே! கம்பிதான் ஏறிருச்சு!"

பிரேக் கிறீச்சிட்டது. ஜெசி டப்பா கதையை மூச்சு விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அருணின் வாய் திறந்துகொண்டே போனது.

"நெசமாவா சொல்ற? ஆனா அளக்கணுமே! கொத்தனாரு கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாக. அம்மாகிட்ட இருக்குற டேப்பு நூத்தி அம்பதுலயே முடிஞ்சிரும்."

"அதுக்கு மேல என் அடி ஸ்கேல வைக்கிறது. நூத்தி அம்பதும் பதினாறும் எவ்வளவு? பன்னெண்டாவது படிச்சவனுக்கு இது தெரியாதா?"

அருண் தலையில் அடித்துக்கொண்டான். சைக்கிள் வந்த வழியே பறந்தது.

முதலில் கம்பியை அளந்தார்கள். நூற்று எழுபது! பிறகு அருண் செருப்பைக் கழற்றிவிட்டு மோட்டார் ரூம் சுவரை ஒட்டி நின்றான். ஜெசி ஒரு பழக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினாள். ஜியாமெட்ரி பாக்ஸை அவன் தலையில் பட்டையாக வைத்து, அடியில் பென்சிலால் கோடு போட்டாள். டேப் நூற்றைம்பதில் முடிந்தது. அங்கிருந்து ஸ்கேலை வைத்தாள். பதினான்கு, பதினைந்து, பதினாறு...

"பதினாறைத் தாண்டி மூணு சின்னக் கோடு!"

"நல்லாப் பாரு!"

"நல்லாத்தான் பாத்தேன். மூணு கோடு நீ வளத்தி!"

அருண் அவளைக் கூடையோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தான். கூடை கழன்று விழுந்தது. சுற்றிச் சுற்றி ஆடிவிட்டு இறக்கியபோது கேட்டான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே."

"ஏன் நேத்தே சொல்லல?"

ஜெசி கால் பெருவிரலால் மண்ணைக் கீறினாள். "நீ போயிருவேல்ல."

அருண் அவள் தலையை மெல்லத் தடவினான். அன்று பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். சுகிர்தம் டீச்சர் காரணம் கேட்டபோது, "ராணுவ வேலை டீச்சர்" என்றாள் ஜெசி. முழுவதையும் கேட்டுவிட்டு, டீச்சர் அவளை உட்காரச் சொன்னார்.

தேர்வு முடிந்து அருணும் அஸ்லமும் ஒன்றாகத் திரும்பினார்கள். வந்ததும் வராததுமாக அஸ்லம் நடித்தே காட்டினான்.

"வரிசையில நிக்கிறோம். அளக்குறவக கட்டைய இறக்குனாக. டொக்குன்னு இவன் மண்டையில இடிச்சுச்சு. ‘ம், போ’ன்னு சொன்னாக. அப்படியும் இவன் நகரல. இன்னொரு தடவ இடிக்கச் சொல்லிக் கேப்பான் போலிருந்துச்சு!"

"அந்த மூணு கோடும் நான் தினமும் காய்ச்சிக் குடுத்த கூழால வளந்தது" என்றார் அம்மா. புளியமரத்தில் தொங்கியதை ஜெசி வேண்டுமென்றே நினைவூட்டவில்லை. அம்மாவும் சந்தோஷப்படட்டுமே.

அடுத்த பழம் பழுக்கும் காலத்தில் இருவருக்கும் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அருண் ஸ்பேனரோடு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தான். முழுக்க ஏறியிருந்த சீட்டைக் கீழே இறக்கினான்.

"ஏறு ஜெசி. காலு எட்டுதா பாரு."

"ஒரு விரலு எட்டலண்ணே."

இன்னும் கொஞ்சம் இறக்கி முறுக்கினான். "இப்ப?"

ஜெசியின் பாதம் தரையில் பதிந்தது. "எட்டுது."

"அப்ப இனி இந்த வண்டி ஒனக்குத்தான். ஸ்கூலுக்கு நீயே போயிக்க. என்னையத் தேடக் கூடாது."

"தேடுவேன்" என்றாள் ஜெசி. "வண்டி ஓட்டிக்கிட்டே தேடுவேன்."

இதுவரை குரங்குப் பெடல் போட்டு ஓட்டியவள், முதல் முறையாகச் சீட்டில் உட்கார்ந்து மிதித்தாள். அருண் பிடித்துக்கொண்டு ஓடினான், பிறகு விட்டுவிட்டான். சைக்கிள் பந்தலுக்குள் நுழைந்தது. பழத்தின் பாரத்தில் கம்பி தாழ்ந்திருந்தது. டப்பா மீது மைனா உட்கார்ந்திருந்தது. குலைகள் இடிக்காமலிருக்க, அப்பாவைப் போலவே ஜெசியும் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.