பூஜையில் வைத்த அகராதி

"ஐயோ, டிக்சனரி எங்கேய்யா?"

கோதண்டபாணி போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். பட்டுக்கடை முதலாளி, தொண்டையும் பெரிசு. 1965, விஜயதசமி, காலை ஏழு மணி. இடம், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு படிப்பகம்.

முதல் நாள் சரஸ்வதி பூஜை. முதலாளி கண்ணெதிரேதான் புத்தகங்களை மணையில் அடுக்கினார்கள், சந்தனம் குங்குமம் வைத்தார்கள், மேலே பட்டுத் துணி போர்த்தினார்கள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கக் கூடாது. இப்போது துணியை எடுத்துப் பார்த்தால், தடி அகராதி இருந்த இடத்தில் தறிக்குப் போடுகிற டிசைன் அட்டைக் கட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதே கனம், அதே உயரம்.

அது லேசுப்பட்ட அகராதி இல்லை. ஆங்கில வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் போட்டது. அப்பா ஞாபகமாக முதலாளி வாங்கிக் கொடுத்தது. அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான்.

"திஸ் இஸ் அன் அன்பிரிசிடெண்டட் கலாமிட்டி!" என்றார் படிப்பகச் செயலாளர் பஞ்சாட்சரம். "அதாவது, இதுவரை கேட்டிராத பேரிடர்."

பஞ்சாட்சரத்தின் வழக்கம் அது. நீளமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை எடுத்துவிடுவார். நாலு பேர் வாயைப் பிளந்த பிறகு அர்த்தத்தையும் அவரே சொல்லுவார். கல்யாணமோ, கருமாதியோ, கூட்டுறவுச் சங்கக் கூட்டமோ, அவர் பேச்சு இல்லாமல் நடக்காது. தெருவில் இங்கிலீஷ் என்றால் பஞ்சாட்சரம்தான்.

ஏழரைக்கு ஏட்டு கண்ணாயிரம் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். பேரில் ஆயிரம் கண் இருந்து என்ன, மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவார். அட்டைக் கட்டைத் தூக்கினார், திருப்பினார், மெல்ல வைத்தார்.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, செக்ரட்டரி சார்கிட்ட ஒண்ணு" என்றான் தாவீது. படிப்பகத்தைத் திறந்து பெருக்கிப் பூட்டுகிற வேலை அவனுக்கு. தென்னேரிப் பக்கம் கூலிக்குப் போகிற குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள்.

"நேத்து எப்போ பூட்டினே?"

"காலையில பூஜை முடிஞ்சதும் பூட்டினேன் சார். சாயங்காலம் சுண்டல் கொடுக்கத் திறந்தேன். ஜனங்க போனதும் மறுபடி பூட்டிட்டேன்."

"டிக்சனரிய நீ படிப்பியா?"

"தினமும் சார். தபால் ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்துருக்குது. திங்கக்கெழம."

"கேட்டுக்கினீங்களா ஏட்டையா?" முதலாளி பாய்ந்தார். "பூட்டு உடையல, சாவி இவன் கையில. டிக்சனரி இவனுக்குத்தான் வேணும். நம்ம வீட்டு ஆளுன்னா பூஜையில வச்சதைத் தொடக் கை நடுங்கும். இவங்களுக்கு சரஸ்வதி பூஜை ஏது? கேஸ் எழுதுங்க!"

கேஸ் என்று ஒன்று எழுதிவிட்டால் வேலை போயிற்று. போலீஸ் விசாரணை ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால்தான் சர்க்கார் உத்தியோகம். தாவீதுக்கு அது தெரியும். நேற்று வரைக்கும் "தாவீது, ஒரு டீ வாங்கிக்கினு வாப்பா" என்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் அவனைத் திருடனாகப் பார்த்தார்கள். வயிறு எரிகிறதா, இல்லையா?

"நான் எடுக்கல சார்" என்றான்.

ஏட்டு பஞ்சாட்சரத்திடம் திரும்பினார். "உங்க சாவி?"

"வீட்டில், பூஜை மாடத்தில் தொங்குகிறது. நேற்று நான் எழுத்தின் பக்கமே திரும்பவில்லை. பேப்பர்கூட வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன். ஸ்க்ரூப்யுலஸ் அப்சர்வன்ஸ்! அதாவது, கண்ணும் கருத்துமாக நோன்பு..."

"புரியுது சார்."

அந்த நேரம் பார்த்து ஒரு தாம்பாளத்தோடு உள்ளே வந்தாள் வடிவு. மூன்றாம் வீட்டில் பட்டு நூல் இழைக்கிறவள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு. நேராகப் பஞ்சாட்சரத்திடம் போய் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க சார். நீங்க நல்லா இருக்கணும், உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."

பஞ்சாட்சரம் தாம்பாளத்தைத் தொடவில்லை. "அப்புறம் வாம்மா" என்றார்.

"இன்னா விசேஷம்மா?" என்றார் ஏட்டு.

"எம் புள்ள ஆதிகேசவன் பட்டாளத்துல இருக்கான் ஏட்டையா. சண்டையில குண்டு பட்டு ஆஸ்பத்திரியில கெடக்கறான்னு ஏற்கெனவே கடுதாசி வந்துச்சு. நேத்து மத்தியானம் பாத்தா தந்தி! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இன்னா எழுதியிருக்குதுன்னு தந்திக்காரரக் கேட்டா, 'ஏதோ பெரிய வார்த்தையா இருக்குதும்மா, எனக்குத் தெரியல'ன்னுட்டாரு. பெரிய வார்த்தன்னா பெரிய சேதிதானே? அழுதுக்கினே சார் வூட்டுக்கு ஓடினேன்."

"சார் உடனே சொல்லிட்டாரா?"

"பாத்தாரு. 'இங்கயே இரும்மா, ஒரு அவசர ஜோலி, முடிச்சுட்டு வரேன்'னு வெளிய போனாரு. உசுரைக் கையில புடிச்சுக்கினு உக்காந்திருந்தேன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் திரும்பி வந்தாரு, சொன்னாரு." வடிவு கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் போலச் சொன்னாள்: "'நோய் நீங்கி மெல்ல உடல் தேறி வருபவன்.' ராத்திரி பூரா அதையே சொல்லிக்கினு இருந்தேன் சாமி. என் வயித்துல பால வார்த்தாரு."

அவள் முந்தானையில் முடிந்திருந்த தந்தியை ஏட்டு வாங்கித் தாவீதிடம் நீட்டினார். "படிப்பா."

"'சன் கன்வலசெண்ட்'டுன்னு இருக்குது சார்."

"அர்த்தம் தெரியுமா?"

"இந்த வார்த்த தெரியாது சார். டிக்சனரியதான் பாக்கணும்."

"அப்படித்தான் பாத்துருக்காங்க" என்றார் கண்ணாயிரம்.

எல்லோரும் தந்தியை எட்டிப் பார்த்தார்கள். முதலாளியும்தான்.

"இந்த அட்டைக் கட்டைப் பாருங்க முதலாளி. சந்தனப் பொட்டு, குங்குமம். துணிக்கு அடியில கெடக்கறதுக்கு எதுக்குப் பொட்டு? எவன் பாக்கப் போறான்? திருடுறவன் வச்சுட்டு ஓடுவான். பொட்டு வச்சவன், பூஜையில கை வச்சுட்டோமேன்னு சாமிக்குப் பயந்தவன். தாவீது தினமும் அந்த டிக்சனரிகூடவே உக்காந்துக்கினு இருக்கறவன். அதை வூட்டுக்குத் திருடிக்கினு போய் இன்னா பண்ணப் போறான்?"

"அப்போ யாரு?"

"அந்த அம்மா சொன்ன வார்த்தையக் கேட்டீங்களா? 'உடல் தேறி வருபவன்.' அழுதுக்கினு வந்து நிக்கற பொம்பளைக்கு நீங்க எப்படிச் சொல்லுவீங்க? 'பயப்படாதேம்மா, உன் புள்ள தேறிக்கினு வரான்'னு சொல்லுவீங்க. இது அச்சுல இருக்கற பேச்சு. இப்பத்தான் பாத்து, மறக்கறதுக்குள்ள ஓடி வந்து ஒப்பிச்சது. எவனும் அச்சைத் தொடாத நாள்ல அது எங்கேருந்து வந்துச்சு? உங்க அவசர ஜோலி இன்னா பஞ்சாட்சரம் சார்?"

பஞ்சாட்சரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை நீளமான வார்த்தை எதுவும் வரவில்லை.

"எனக்கு அர்த்தம் தெரியலய்யா" என்றார். "தெரியலன்னு சொல்லியிருக்கலாம். அந்தம்மா என் மூஞ்சியையே பாத்துக்கினு நின்னுச்சு. இத்தனை வருஷம் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி பேசிட்டு, பெத்தவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? என் சாவியப் போட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்தேன். அங்க நின்னு பாக்கப் பயம், எடுத்துக்கினு கொல்லை வழியா வூட்டுக்குள்ள போய்ப் பாத்தேன். அடுக்கு தாழ்ந்து தெரியக் கூடாதுன்னு மூலையில கெடந்த அட்டைக் கட்டுக்குப் பொட்டு வச்சு அந்த எடத்துல வச்சேன். திருப்பி வைக்கறதுக்குள்ள சுண்டல் கூட்டம் வந்துடுச்சு, ராத்திரியும் தெருவுல ஆள் நடமாட்டம் ஓயல. காலையில வந்தா, எனக்கு முன்னாடி முதலாளி நிக்கறாரு. டிக்சனரி வூட்ல அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருக்குது."

"பூஜையன்னிக்குப் புஸ்தகத்தைத் திறந்தியாய்யா!" முதலாளி கை ஓங்கிக்கொண்டே போனார்.

வடிவு தாம்பாளத்தோடு நடுவில் வந்து நின்றாள்.

"அடிக்கறதுன்னா என்னையும் சேர்த்து அடிங்க. அந்தப் புஸ்தகத்தைத் தொறந்தது பாவம்னா, பாதிப் பாவம் என்னுது. தொறக்காம இருந்திருந்தா நேத்து ராத்திரி நான் உசுரோட இருந்திருப்பேனோ இன்னாவோ."

முதலாளியின் கை தானாக இறங்கியது.

"திறந்தது தப்பே இல்லம்மா" என்றார் ஏட்டு. "ஆனா சார், இந்தப் பையன் தலையில பழி விழுறப்போ கம்முனு நின்னீங்க பாருங்க, அதுக்கு இன்னா பேரு? அதை எந்த டிக்சனரியில பாக்கறது?"

பஞ்சாட்சரம் எழுந்து தாவீதின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடுப்பா" என்றார். அதற்கு அவர் அர்த்தம் சொல்லவில்லை. முதலாளிக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. தாம்பாளத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தாவீதிடம் கொடுத்தார். "சாப்பிடுப்பா. காலையிலேருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டே" என்றார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார்: "அடுத்த வருஷத்துலேருந்து டிக்சனரிக்குப் பொட்டு மட்டும் வைங்க. துணி போட வேணாம். மேஜை மேலயே இருக்கட்டும். எந்த வூட்டுக்கு எப்போ தந்தி வருமோ."

கேஸ் எழுதவில்லை. திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குத் தாவீது முதலாளியின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனான். தோள் கொஞ்சம் தொளதொள. வேலை கிடைத்துவிட்டது, அதுவும் தந்திப் பிரிவில்.

தை மாதம் வடிவுக்கு இன்னொரு தந்தி வந்தது. இந்தத் தடவை அவள் யார் வீட்டுக்கும் ஓடவில்லை. நீளமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்று அதிலும் இருந்தது. ஆனால் பின்பக்கம் பென்சிலால் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பயப்படாதீங்கம்மா, உங்க பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரான். - தாவீது."

வடிவு தந்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பழம், கற்கண்டு எல்லாம் எடுத்து வைத்துத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தபால் ஆபீசுக்குக் கிளம்பினாள்.